பெல்ஜியத்து நிலக்கரி ஊர்களில் இரண்டு நாள் சைக்கிள் பயணம்

பெல்ஜியத்துக்கு வருகிற நம் ஆட்கள் பிரஸ்ஸல்ஸ், கெண்ட், ப்ரூஜ் என்று மூன்று ஊரைப் பார்த்துவிட்டு பாரிஸுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். கிழக்கு ஓரத்தில் லிம்பர்க் என்று ஒரு மாகாணம் இருப்பது பலருக்குத் தெரியாது. லூவனில் குடியிருக்கிற எனக்கு அது கூப்பிடு தூரம். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் என்பதால் சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே கால் அந்தப் பக்கம் போய்விடும். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது அவரையும் இங்கேதான் கூட்டிப் போனேன். வேலை பார்த்ததும் ஓய்வு பெற்றதும் நெய்வேலிச் சுரங்கத்தில் என்பதால், அருங்காட்சியகங்களைவிட இது அவருக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

கிளம்பும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் ஒரு நாள், காடு ஒரு நாள் என்று பிரித்துத் திட்டம் போடாதீர்கள். இங்கே காட்டில் பாதி, சுரங்கம் போட்ட காடு. நிலத்துக்கு அடியில் கூரை சரியாமல் முட்டுக்கொடுக்க ஏராளமான மரம் தேவைப்பட்டது. அதற்காகப் புதர்வெளிகளில் பைன் மரங்களை வரிசையாக நட்டார்கள். பைன் முட்டு ஒடிவதற்கு முன்னால் முறுமுறுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஆட்கள் விலகி ஓடிவிடலாம் என்பதால் தொழிலாளிகளுக்கு அந்த மரத்தின் மேல் தனி நம்பிக்கை. நீங்கள் நிழலுக்கு ஒதுங்கும் பைன் தோப்பு நேர்கோட்டில் நிற்பது ஏன் என்று இப்போது புரியும்.

வரலாறு தெரிந்தால் பாதை இன்னும் ருசிக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1901 ஆகஸ்டில் ஆஸ் என்ற சிற்றூரில், லூவன் பேராசிரியர் ஆந்த்ரே டூமோன் துளை போட்டுத் தேடிய இடத்தில் நிலக்கரி தட்டுப்பட்டது. ஆனால் அது கிடந்தது ஏறக்குறைய அரை கிலோமீட்டர் ஆழத்தில். மேலே நீர் ஊறிய மணல். வெட்ட வெட்டச் சரியும். அதனால் சுற்றிலும் குழாய்களை இறக்கி, மண்ணையே உறையவைத்து, கெட்டிப்பட்ட பிறகு வெட்டிக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் முதல் உலகப் போரும் வந்துவிட்டது. வின்டர்ஸ்லாக் சுரங்கத்தில் உற்பத்தி தொடங்க 1917 ஆயிற்று. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் ஏழு சுரங்கங்கள். கடைசியாக ஸோல்டர் சுரங்கம் 1992இல் மூடியது. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஹெங்க் கிராமம் இதற்கு நடுவில் நகரமாகிவிட்டது. (எழுத்தில் ஜெங்க் போலத் தெரியும், ரயில் அறிவிப்பில் ஹெங்க் என்றுதான் காதில் விழும்.)

போகும் வழி எளிது. பிரஸ்ஸல்ஸிலிருந்து லூவன், ஹாசெல்ட் வழியாக வரும் ரயில் ஹெங்கில்தான் முடிகிறது. உங்கள் சைக்கிளை ஏற்றினால் அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மடக்கு சைக்கிளுக்கு வேண்டியதில்லை. காலை, மாலை அலுவலக நேரத்தில் ரயிலில் சைக்கிளோடு ஏறுவது சண்டையில் முடியும், பத்து மணிக்கு மேல் ஏறுங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் முன்பதிவு செய்துவிடுங்கள், முக்கியமாக ஆகஸ்டில். வயதானவர்களோ முட்டி வலிக்காரர்களோ உடன் வந்தால் பேட்டரி சைக்கிள்தான் சரி. பெல்ஜியம் தட்டை நாடு என்று நம்பி வராதீர்கள். இந்த ஊர்களுக்குக் கிழக்கே மாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டு நிலத்துக்குத் திரும்பி ஏறும்போது தொடை பேசும்.

வழி கண்டுபிடிக்க வரைபடத்தை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி இருக்கும், அதன் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். பிரிவில் பலகை இல்லையென்றால் நேராகப் போங்கள். இந்த முறையை உருவாக்கிய ஹூகோ போலன் ஒரு சுரங்கப் பொறியாளர். சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலத்தில் யோசித்தது, 1995இல் லிம்பர்கில் நடைமுறைக்கு வந்தது. இன்று நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதே முறையில் ஓட்டுகிறார்கள். ஒரே எச்சரிக்கை: லிம்பர்கில் எண்களைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். நண்பர் தரும் பழைய வரைபடத்தை அன்போடு திருப்பிக் கொடுத்துவிட்டு, மாகாணச் சுற்றுலாத் துறையின் புதிய திட்டமிடல் பக்கத்தில் பாதை போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஹெங்கைச் சுற்றியே போதும். ரயில் நிலையத்திலிருந்து வின்டர்ஸ்லாக் சில நிமிட ஓட்டம். பழைய சுரங்கம் இப்போது சி-மைன் என்ற கலை மையம். இயந்திரக்கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பழைய காற்றோட்டச் சுரங்கவழிக்குள் நடந்து, கடைசியில் தொழிலாளிகளைக் கூண்டில் வைத்து இறக்கிய இரும்புக் கோபுரத்தின் உச்சிக்குப் படியேறலாம். படிகள் இரும்புக் கம்பி வலை, கீழே பார்த்தால் தரை தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் முயல வேண்டாம். அப்பா ஏறவில்லை. கோபுரத்தின் அடியில் நின்று, மேலே இருந்த சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊருல வானத்தப் பாத்துக்கிட்டே வேலை செஞ்சோம், இவங்க கூண்டுல எறங்கிப் போயிருக்காங்க பாரு" என்றார். திறந்தவெளிச் சுரங்கத்துக்காரருக்கு அதுதான் உறைத்தது. முற்றத்தில் இரும்புத் தகடுகளால் ஆன ஒரு பெரிய வழிமயக்குச் சிற்பம் இருக்கிறது. குழந்தைகளை அதில் விட்டுவிட்டு ஒரு காபி குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு அங்கிருந்து நகர வேண்டாம். பக்கத்திலேயே வென்னஸ்ட்ராட் தெரு. இத்தாலிக் கடை, துருக்கி ரொட்டிக் கடை, கிரேக்க உணவகம் எல்லாம் வரிசையாக. இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1946இல் பெல்ஜியமும் இத்தாலியும் போட்ட ஒப்பந்தத்தின்படி இத்தாலி ஆள் அனுப்பியது, பெல்ஜியம் நிலக்கரி கொடுத்தது. 1956இல் நாட்டின் தெற்கே மார்சினெல் சுரங்கத்தில் தீ விபத்து. 262 பேர் இறந்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர்கள். அதன்பின் இத்தாலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியம் ஸ்பெயினிலும் கிரீஸிலும் ஆள் தேடியது. 1964இல் மொராக்கோவோடும் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தெரு ஒரு வரம். சீஸும் கீரையும் வைத்த பீடே என்ற துருக்கி ரொட்டி ஒன்று போதும், மாலை வரை தாங்கும்.

சாப்பிட்ட பிறகு எந்தப் பக்கம் என்பதை உங்கள் ஆர்வம் முடிவு செய்யட்டும். மேற்கே பொக்ரைக்: குளங்கள் நிறைந்த பகுதி. அங்கே ஒரு குளத்தைக் கிழித்துக்கொண்டு 212 மீட்டர் நீளப் பாதை போகிறது. இருபுறமும் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்கும், அன்னம் ஒன்று உங்கள் தோளுக்கு அருகில் நீந்திப் போகும். 2016இல் திறந்தார்கள். படத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் நேரில் வருவதால் ஞாயிறு மதியம் சந்தைக் கூட்டம்தான். வார நாளில் போங்கள். கிழக்கே வாட்டர்ஸ்கை: டூமோன் பெயரைத் தாங்கிய சுரங்கம், இன்று தோர் பார்க் என்ற ஆய்வு வளாகம். வாட்டர்ஸ்கை, வின்டர்ஸ்லாக் சுரங்க ஊர்களின் கால்பந்து அணிகள் 1988இல் ஒன்றாகித்தான் இன்றைய ஹெங்க் அணி பிறந்தது. இன்னும் வடக்கே ஸ்வார்ட்பெர்க். அந்தச் சுரங்கத்தை மூடும் முடிவை எதிர்த்து 1966இல் கலவரம் வெடித்து இரண்டு தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்த வீதிகளில் மெல்ல ஓட்டுங்கள்.

எனக்கு இந்த வட்டாரத்தில் மிகப் பிடித்தது இரண்டாம் நாள்தான், அதற்கு முழுப் பகலையும் ஒதுக்குங்கள். ஹெங்கிலிருந்து ஆஸ் வழியாக ஹோஹ கெம்பன் தேசியப் பூங்காவுக்குள் நுழையலாம். 2006இல் திறந்தது, பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸின் முதல் தேசியப் பூங்கா. முதலில் பைன் தோப்புகள், திடீரென்று மரங்கள் விலகி மெஹல்ஸ ஹைடே என்ற புதர்வெளி. ஆகஸ்டின் பிற்பாதியில் வந்தால் கண்ணுக்கு எட்டிய வரை ஊதாப் பூக்கள். சுரங்கம் வருவதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் ஹெங்குக்கு வந்து தங்கியது இந்த மாதிரி வெளியை வரையத்தான். அந்தப் படங்களைப் பார்க்க ஹெங்கிலேயே ஏமில் வான் டோரன் அருங்காட்சியகம் இருக்கிறது. முந்தின நாள் அதைப் பார்த்துவிட்டு வந்தால், எது பழைய நிலம், எது சுரங்கத்துக்காக நட்டது என்று கண் தானாகப் பிரித்துவிடும். பாதையை விட்டு இறங்காதீர்கள். மணலில் சக்கரம் புதையும், புதரில் உண்ணியும் உண்டு. மாலையில் கணுக்கால், முழங்கால் மடிப்பைச் சோதித்துவிடுங்கள்.

புதர்வெளிக்குக் குறுக்கே ஓடும் சாலையின் மேல் 2021இல் ஒரு சைக்கிள் பாலம் போட்டார்கள். அதைத் தாண்டி இறக்கத்தில் விட்டால் ஐஸ்டன். 1987இல் மூடிய இந்தச் சுரங்கத்தின் இடம்தான் இன்று பூங்காவின் முக்கிய வாசல், கோபுரங்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கழிவு மேட்டில் நடந்து ஏறுங்கள். இங்கே அதை டெரில் என்பார்கள். நிலக்கரியோடு வந்த கல்லும் மண்ணும் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. கறுப்பு நிறக் கல் வெயிலில் சூடேறுவதால் பல்லியும் நீலச் சிறகு வெட்டுக்கிளியும் இதில் குடியேறிவிட்டன. வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தால் கல்லின் நிறம், பறக்கும்போதுதான் நீலம் தெரியும். நெய்வேலியிலும் மேல்மண்ணைக் கொட்டி மரம் வைத்த மேடுகள் உண்டு. அப்பா அவற்றோடு ஒப்பிட்டுச் சரிவின் சாய்மானத்தைக் குறை சொல்லிக்கொண்டே ஏறினார்.

இறங்கியதும் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்புக்குள் ஒரு சுற்று. தோட்டம் வைத்த இரட்டை வீடுகள், அகலமான மரநிழல் வீதிகள், பொறியாளர்களுக்குப் பெரிய வீடு, சுரங்கத் தொழிலாளிகளின் காவலரான புனித பார்பராவுக்குப் பிரம்மாண்டமான தேவாலயம். பதவிக்கு ஏற்ற அளவில் வீடு கொடுக்கும் வழக்கத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுரங்க நிலத்தின் இன்னொரு பகுதியில் தள்ளுபடித் துணிக்கடைகளின் வளாகம் ஒன்று இருக்கிறது. என் கணவர் அங்கேயே மதியத்தைக் கழித்துவிட்டார், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரோட்டில் ஒரு விதியை மறக்காதீர்கள்: குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. குடியிருப்பு வீதிகளில் சின்னச் சந்திலிருந்து கார் நிற்காமல் வரும், அது அவர்கள் தவறல்ல. மழைச்சட்டை எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும். காட்டுக்குள் கடை கிடையாது, தண்ணீரும் பஞ்சர் சாமானும் கையோடு வேண்டும்.

மூன்றாம் நாள் கிடைத்தால் மேற்கே பேரிங்கன் போகலாம். ஹெங்கிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம். சுரங்கத்தின் கட்டடங்கள் அதிகம் மிஞ்சியிருப்பது அங்கேதான், அருங்காட்சியகமும் உண்டு. மாலையில் ரயில் பிடிக்க ஹெங்குக்கே திரும்ப வேண்டியதில்லை, பேரிங்கனிலேயே நிலையம் இருக்கிறது. கூட்டத்தில் சைக்கிளை ஏற்ற இடம் கிடைக்காமல் போகலாம் என்பதால், கடைசி ரயிலுக்கு முந்தினதைக் குறி வையுங்கள்.