கிட்டப்பார்வை உள்ளவர்கள் குறிபார்க்க எந்த லென்ஸ்?

10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் புதிதாக வரும் கிட்டப்பார்வைக்காரர்கள், இலக்கு பளிச்சென்று தெரிய என்ன பவர் போடலாம் என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியே கோணல். பளிச்சென்று தெரிய வேண்டியது துப்பாக்கியின் முன் சைட், அதாவது குழல் முனையில் இருக்கும் குறிபார்க்கும் அமைப்பு. இலக்கின் கறுப்பு வட்டம் ஓரத்தில் கொஞ்சம் மங்கினாலும் அதன் நடுவைக் கண் பிடித்துவிடும். முன் சைட் மங்கினால் அது நடுவில் நிற்கிறதா, ஓரமாக நகர்ந்ததா என்பதே தெரியாது. ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர்தான்.

படி 1: தூரப்பார்வைக்கான பவரைப் புதிதாகச் சோதித்து வாங்குங்கள். சிலிண்டர் பவர் (சிதறல் பார்வைக்கான பவர்) இருந்தால் அதையும் ஆக்சிஸையும் (அந்தப் பவர் நிற்க வேண்டிய கோணம்) சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய சீட்டு உதவாது.

படி 2: துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுடும் நிலையில் நில்லுங்கள். கண்ணிலிருந்து முன் சைட் வரை எவ்வளவு தூரம் என்று பயிற்சியாளரை அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடைக்கு அந்த எண் போதும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

படி 3: இனி கணக்கு. அளந்த தூரத்தைப் போல இரு மடங்கில் கண் குவிந்தால், முன் சைட்டும் இலக்கும் சமாளிக்கும் அளவுக்குத் தெரியும். முன் சைட் 1 மீட்டரில் இருந்தால் குவிய வேண்டியது 2 மீட்டரில். அதற்குத் தூரப் பவரோடு +0.50 சேர்க்க வேண்டும். 70 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய +0.75. ஆகவே முன் சைட் 1 மீட்டரில் இருக்கும் −2.00 பவர்காரருக்கு ரைஃபிள் லென்ஸ் −1.50. பவரைக் குறைத்துக் கேட்கிறீர்களே என்று கடைக்காரர் தயங்குவார், காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சிலிண்டர் இல்லாத வெறும் −0.50 என்றால் உங்கள் கண் தானாகவே 2 மீட்டரில் குவிகிறது, செலவு மிச்சம்!

படி 4: உடனே லென்ஸ் வெட்டக் கொடுக்காமல், சோதனை லென்ஸ்களை இரவல் வாங்கி 0.25 கூட்டியும் குறைத்தும் பாருங்கள். பயிற்சியின் கடைசி அரை மணி நேரத்தில் பார்ப்பது நல்லது. இளம் கண்கள் கூடுதல் மைனஸையும் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும். களைத்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

படி 5: ஃபிரேம். ரைஃபிளில் கன்னம் பதித்ததும், அன்றாடக் கண்ணாடியின் மூக்கோர மேல்மூலை வழியாகத்தான் பார்ப்பீர்கள். அங்கே லென்ஸ் சாய்ந்து நிற்பதால் பவரும் மாறும், பார்வையும் விலகும். வட்ட லென்ஸை நகர்த்தித் திருப்பும் வசதியுள்ள ஷூட்டிங் ஃபிரேம் இதற்காகத்தான். லென்ஸின் மையம் பார்வைக் கோட்டில், அதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சிலிண்டர் இருந்தால் லென்ஸின் உச்சியில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சுழன்றால் ஆக்சிஸ் போச்சு. ரைஃபிளில் கண்ணுக்கு அருகே உள்ள பின் சைட்டிலேயே லென்ஸ் பொருத்த, சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதி அனுமதிக்கிறது. பிஸ்டலில் கூடாது, அணிந்துதான் ஆக வேண்டும்.

மற்றக் கண்ணை மூடாதீர்கள், கறுப்பு அட்டையாலும் மறைக்காதீர்கள். ஒரு கண் இருட்டானால் இரண்டு கண்களின் பாவைகளும் விரியும், தெளிவு குறையும். ஒளி ஊடுருவும் வெள்ளைத் தகடு போதும், அகலம் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இந்த லென்ஸில் தூரம் மங்கும். வண்டி ஓட்டிப் போகும்போது அன்றாடக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள்.