பழைய டிவிஎஸ் 50-க்கு ஸ்பேர் தேடுகிறீர்களா?

1980-ல் சந்தைக்கு வந்த டிவிஎஸ் 50 ஒன்று வீட்டுக் கொட்டகையில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். "ஸ்பேர் கிடைக்காதுங்க" என்று மெக்கானிக் கையை விரிப்பார். பாதி உண்மைதான். வண்டிப் பெயரைச் சொன்னால் கிடைக்காத பல சாமான்கள், அளவைச் சொன்னால் கிடைக்கும்.

எஞ்சினைப் பிரித்ததும் பேரிங்கின் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள், எண் பொறித்திருக்கும். உதாரணத்துக்கு 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இதே அளவுதான். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலிலும் இப்படி மூன்று அளவுகள் இருக்கும். அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். கிராங்க் ஷாஃப்டின் இரு பக்கமும் இருக்கும் கிராங்க் சீல் இரண்டையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் அது தேய்ந்தால் காற்று உள்ளே புகுந்து, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அலறும். அப்புறம் கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பிரச்சினை தீராது.

பிஸ்டன் ஓவர்சைஸில்தான், அதாவது பழையதைவிடச் சற்றுப் பெரிய அளவில்தான் கிடைக்கிறது என்றால் அதை முதலில் கையில் வாங்கிவிட்டு, பிறகு அந்த அளவுக்குச் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க போரிங்குக்குக் கொடுங்கள். மட்கார்டு, டேங்க் மாதிரியான தகரச் சாமான்களுக்குப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், போட்டோ போதாது.

பெயிண்ட் கடைசி வேலை. சேஸிஸ் எண் மேல் புட்டி ஏறாமல் டேப் ஒட்டச் சொல்லுங்கள்; ஆர்.சி. புதுப்பிக்கும்போது அதைத் தேய்த்துப் பார்ப்பார்கள்.