கையைக் கட்டியவர் எல்லாம் கோபக்காரர் இல்லை

உடல்மொழி பற்றி ஒரு வீடியோ பார்த்தால் போதும், எதிரில் இருப்பவரின் மனதையே படித்துவிடலாம் என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. கையைக் கட்டினால் எதிர்ப்பு, மூக்கைத் தொட்டால் பொய் என்று. அப்படி எந்த அகராதியும் கிடையாது. ஏசி குளிருக்கும் கையைக் கட்டுவார்கள், நாற்காலியில் கை வைக்க இடமில்லை என்றாலும் கட்டுவார்கள்.

பார்க்க வேண்டியது மாற்றத்தை. வந்து உட்கார்ந்ததிலிருந்தே காலை ஆட்டிக்கொண்டிருந்தால் அது அவர் பழக்கம், விட்டுவிடுங்கள். ஆனால் அதுவரை சாய்ந்து உட்கார்ந்து கையை வீசிப் பேசியவர், சம்பளப் பேச்சு வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அது பயமா, எரிச்சலா, நேற்றைய சண்டையின் நினைப்பா என்பது கேட்டால்தான் தெரியும்.

இருப்பதிலேயே மோசமான தவறு, பொய்யைக் கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று கிளம்புவது. 2006-ல் பாண்ட், டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொய் எது, உண்மை எது என்று மக்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்! கண்ணைப் பார்க்காமல் பேசுவது கூச்சமாக இருக்கலாம், யோசனையாக இருக்கலாம், மரியாதையாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் அந்த 7-38-55 கணக்கு. சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதியெல்லாம் குரலும் உடலும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இந்தக் கணக்குக்கு மூலமான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட சோதனைகள், பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்பதைத் தனிச்சொல், குரல், முகபாவம் இவற்றை வைத்து ஊகிக்கச் சொன்னவை, அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தும் என்றால், தெரியாத மொழியில் ஒரு படம் பார்த்தாலே 93 சதவீதம் புரிந்துவிட வேண்டுமே?

சைகைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதை மறப்பது இன்னொன்று. 1992-ல் ஆஸ்திரேலியா போன அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், காரிலிருந்து புறங்கை வெளியே தெரிய இரண்டு விரலைக் காட்டினார். வெற்றிச் சின்னம் என்று நினைத்துத்தான். அங்கே அப்படிக் காட்டினால் அது கெட்ட வசவு. பல்கேரியாவிலோ ஆமாம், இல்லை இரண்டுக்கும் தலையசைப்பே தலைகீழ், அதனால் அங்கே வியாபாரம் பேசப் போகிறவர்கள் தலையை நம்பாமல் வாயால் ஒரு பதிலை வாங்கிக்கொள்வது நல்லது.