மதுரையில் நெட் போடும் முன் ஒயரைப் பாருங்கள்

புது நெட் போடும்போது எல்லாரும் முதலில் கேட்பது மாசம் எவ்வளவு, எத்தனை எம்பிபிஎஸ் என்றுதான். வீட்டுக்குள் வரப்போவது எந்த ஒயர் என்று கேளுங்கள், பிளானை அப்புறம் பேசலாம்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேபிள் இன்டர்நெட் என்று சொன்னால், அது டிவிக்குப் போட்ட தடித்த கோஆக்சியல் ஒயரிலேயே வருவது. டிவி ஒயரில் நெட் அனுப்ப 1997-இல் வந்த டாக்சிஸ் என்ற தரத்தில் ஓடுகிறது. வீட்டை நோக்கிப் படம் அனுப்பப் போட்ட ஒயர் என்பதால், திருப்பி அனுப்ப 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சந்துதான் பழைய அமைப்பில் ஒதுக்கினார்கள். டவுன்லோடு பறந்தாலும் அப்லோடு நொண்டுவது அதனால்தான்.

நம்ம ஊர் கதை வேறு. மாடி விட்டு மாடி இழுத்த டிவி ஒயரை இருவழியாக மாற்றச் செலவு அதிகம், அதனால் கேபிள்காரர்கள் பலர் நெட்டுக்கென்று தனியாகச் செம்பு லான் ஒயர் இழுத்தார்கள். அது 100 மீட்டருக்கு மேல் தாங்காது, இடையில் யார் வீட்டு மாடியிலாவது ஸ்விட்ச் பெட்டி வைக்க வேண்டும், அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போய்விடும். கோடை இடி மழையில் செம்புக் கம்பி வழியாக மின்னல் பாய்ந்து ரவுட்டர் போர்ட் கருகுவதும் உண்டு. பைபரில் கண்ணாடி இழை, அந்தப் பயம் இல்லை.

ஆகவே, "அண்ணே, பைபர் வீட்டுக்குள்ள வருமா, தெருமுனை வரைக்கும்தானா?" என்று நேராகக் கேளுங்கள். தெருமுனையிலிருந்து லான் இழுத்துவிட்டு அதையும் பைபர் என்றே விற்பவர்கள் இருக்கிறார்கள். மாசி வீதிப் பக்கம் என்றால் ஒயர் வீதிக்குக் குறுக்கே போகிறதா என்றும் பாருங்கள், தேர் வரும்போது தொங்குவதை அவிழ்த்தாக வேண்டும்.

பைபர் வேலை முடிந்ததும் இழையில் வரும் ஒளி எவ்வளவு என்று பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் பலத்துக்கான அளவு) பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டால் ஒளி மங்கல், இழை கொஞ்சம் அசைந்தாலும் பைபர் பெட்டியில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். பெரும்பாலும் மூட்டு சரியாகச் சேர்ந்திருக்காது, இல்லையென்றால் ஜன்னல் மூலையில் இழையை மடக்கிக் கிளிப் அடித்திருப்பார்கள். கூச்சப்படாமல் அவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

பில்லில் 18% ஜிஎஸ்டி சேரும், டேட்டா தீர்ந்தபின் என்ன ஸ்பீடு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாசப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் முதலில் ஒரு மாசம் மட்டும் கட்டி, ராத்திரி 9 மணிக்கு அப்லோடு டவுன்லோடு இரண்டையும் சோதித்துப் பாருங்கள்.