தெருக்கூத்து முதல்முறை பார்க்கப் போகிறீர்களா?

காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து இருக்கும், பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னாடியே போய் ஒப்பனையைப் பாருங்கள்: கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசுகிற ஆள், கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் ஏறியதும் துரியோதனனாகவே நடக்க ஆரம்பிப்பார், அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் முன்னால் தரையில் உட்காருங்கள். பாட்டு புரியவில்லையா, சரி, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இருக்கிறான், கதையோடு உள்ளூர் சமாச்சாரத்தையும் இழுத்துக் கிண்டலடிப்பான், கூட்டம் சிரித்தால்தான் அவனுக்கும் சூடு பிடிக்கும்.

அர்ச்சுனன் சிவனை நோக்கித் தவமிருக்கும் ‘அர்ச்சுனன் தபசு’ கூத்து அன்றைக்குக் கூட்டத்தையும் பாருங்கள் (என்னைக் கேட்டால் ஆட்டத்தைவிட அதுதான் முக்கியம்). தபசு மரம் என்று நட்டிருக்கும் உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து அர்ச்சுனன் வேஷக்காரர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். அந்த நேரத்தில் செல்போன் வெளிச்சம் மட்டும் வேண்டாம்.