ஏலியன் மேக்கப் போடும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விநோத உடைப் போட்டி. ஏலியனாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். விடிய ஆறு மணிக்கே தொடங்கி முகம் முழுக்கப் பச்சை பூசி முடித்தேன், அறைக்குள் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. முற்றத்து வெயிலுக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது, நாடியோடு பச்சை நின்றுவிட்டது, கழுத்தும் காதும் கையும் பிள்ளையின் சொந்த நிறத்திலேயே இருந்தன. வேற்றுக்கிரகத்து ஆளுக்கும் உடம்பு முழுக்கத் தோல் இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. காதின் பின்பக்கம், முடி தொடங்குகிற கோடு, சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் அளவு, கை தெரிந்தால் விரல் நுனிவரை, இவ்வளவும் பூசினால்தான் பார்க்கிறவர் நம்புவார்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல முதல் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் கீறுகிற அக்ரிலிக், துணிக்குப் பூசுகிற பெயின்ட், போஸ்டர் கலர் எதுவும் முகத்துக்கு வேண்டாம். ‘நச்சற்றது’ என்று லேபிளில் இருக்கும்தான், ஆனால் அதற்குத் தோலில் பூசலாம் என்று அர்த்தம் இல்லை. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் தாள் மாதிரி இறுகி, உரிக்கும்போது பூனைமுடியையும் சேர்த்துப் பிடுங்கும். முகத்துக்கானது என்று எழுதியிருக்கிற ஃபேஸ் பெயின்டையே வாங்குங்கள். அதிலும் சில நிறங்களுக்குக் கண்ணருகே பூச வேண்டாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், வாசித்துப் பாருங்கள். இரண்டு நாளைக்கு முன்பே முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி, கடிக்கிறதா சிவக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நிகழ்ச்சி நாள் காலையில் முதல்முறையாகப் பூசிப் பார்ப்பது சரியில்லை.

அடுத்தது எங்கள் ஊர் வெக்கை. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது திருகோணமலையில் சும்மா இருந்தாலே வேர்க்கும். தண்ணீரில் குழைக்கிற பெயின்ட் வேர்வையில் கோடு கோடாக இறங்கும். கிரீம் மாதிரியானது வழியாது, ஆனால் பவுடர் போட்டு இறுக்காவிட்டால் கையில், சட்டையில், கட்டிப்பிடிக்கிற அம்மம்மாவின் சேலையில் எல்லாம் ஒட்டும். பலர் நிறம் காணாது என்று ஒரேயடியாகத் தடிப்பாய் அப்புகிறார்கள், அதுதான் வெடிக்கிறது. மெல்லிசாக ஒன்று, ஃபேனுக்கு முன்னால் காயவிட்டு இன்னொன்று, பிறகு நிறமில்லாத பவுடரை பஃப்பால் அழுத்தி அழுத்தி வையுங்கள், தேய்க்க வேண்டாம். ஜெலற்றினில் மேடு, கொம்பு செய்து ஒட்டுகிறவர்கள் பகல் நிகழ்ச்சிக்கு அதை விட்டுவிடுங்கள், சூட்டில் இளகிவிடும்.

சரி, நிறம். ஒரே பச்சையை முகம் முழுக்கப் பூசினால் சுவருக்கு அடித்த மாதிரித்தான் இருக்கும். உங்கள் கையைத் திருப்பிப் பாருங்கள், மணிக்கட்டில் நரம்பு பச்சையாகத் தெரியும், விரல் மொழியில் கறுப்பு, உள்ளங்கை வெளிர். உயிருள்ள தோல் அப்படித்தான். நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவில் தண்ணீருக்குள் தலையை வைத்துப் பார்த்திருந்தால் இன்னும் விளங்கும், கிளிமீனின் நீலத்துக்குள் பச்சையும் ரோசாவும் ஓடும். எனக்கு ஏலியனுக்கு யோசனை கிடைக்கிறதே அந்தக் கடலில்தான். ஒரே குடும்பத்து நிறங்கள் மூன்று போதும்: கன்னக்குழிக்கும் நெற்றியோரத்துக்கும் கடுமையானது, மூக்குத் தண்டுக்கு வெளிர், மற்ற இடத்துக்கு நடுத்தரம். நிழலுக்குக் கறுப்பை எடுக்காதீர்கள், ஊத்தை பிடித்த மாதிரிப் போய்விடும். எங்கள் மாநிறத்திலும் கறுப்பிலும் வெளிர்நீலத்தை நேரே பூசினால் சாம்பல் பூத்துவிடும், அதற்கு அடியில் மெல்லிய வெள்ளை வேண்டும். ஆழ்ந்த மயில்நீலம், நாவற்பழ நிறம், பொன் இவற்றுக்கு அந்த வேலையே இல்லை, எங்கள் தோலில் அவை எடுப்பாக நிற்கும்.

செதிலுக்கு வலை வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. வீட்டில் கிடக்கிற மீன்வலைத் துண்டை மட்டும் எடுக்காதீர்கள், உப்பும் அழுக்கும் ஊறின நைலோன் முகத்தை வெட்டும். தோடம்பழம் வருகிற வலைப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தால் போதும். கன்னத்தில் இழுத்துப் பிடித்து, ஸ்பொஞ்சில் எடுத்த நிறத்தை முதலில் கையில் ஒற்றிக் குறைத்துவிட்டு, வலைக்கு மேலே நேராகத் தட்டுங்கள். இழுத்தால் கண்ணி கலையும். ஒரு நிமிடம் பொறுத்து, பக்கவாட்டில் இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள். நெற்றிப்பொட்டு, கன்னத்தின் ஓரம், கழுத்து, இவ்வளவு இடம் போதும்.

கண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கண் வைத்தியர் பார்த்துத் தராத நிற லென்ஸைப் போடாதீர்கள், சிநேகிதி போட்டதை வாங்கிப் போடவே வேண்டாம். அளவு பொருந்தாத லென்ஸ் கருவிழியைக் கீறும், கிருமி ஏறினால் பார்வையே பாதிக்கும். கைவேலைக்கு விற்கிற கிளிட்டரும் அப்படித்தான், அதன் ஓரம் கூர். பெரிய கண் வேண்டுமானால் இமையிலிருந்து புருவம்வரை கடும் நிறத்தைப் படிப்படியாக மங்கவிடுங்கள்.

புருவத்தை மறைக்க, தண்ணீரில் கழுவினால் போகிற குளு ஸ்டிக் இருக்கிறதே, அதை முடியின் போக்கில் தடவி மேல்நோக்கிச் சீவிப் படியவைத்து, மூன்று தடவை மெல்லிசாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. திரவ லேடெக்ஸை, அதாவது ரப்பர் பாலை, புருவத்தில் பூசினால் கழற்றும்போது முடியோடு வரும். கல், மணி ஒட்ட இமைமுடிப் பசை போதும். அதிலும் லேடெக்ஸ் இருக்கக்கூடும், பலூனோ ரப்பர் கையுறையோ பட்டால் கடிக்கிறவர்கள் கவனம். சுப்பர் குளு என்ற பேச்சே வேண்டாம்.

கழுவும்போது தின்னரோ மண்ணெண்ணெயோ தொடாதீர்கள். தேங்காய் எண்ணெயை முகம் முழுக்கத் தடவி இரண்டு நிமிடம் விட்டு, பழைய பருத்தித் துணியால் மெதுவாக வழித்தெடுத்து, அப்புறம் ஃபேஸ் வொஷ். கிரீம் பெயின்ட் அதிலேயே போய்விடும். ஸ்பிரிட்டில் கரைகிற வகைக்கு அதற்கென்று விற்கிற ரிமூவரே வேண்டும், பிள்ளைகளுக்கு அந்த வகையைப் பூசாமல் விடுவதே நல்லது. காதுமடலுக்குப் பின்னால் பச்சை மிச்சம் இருக்கும், அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக முதல் அங்கேயும் ஒருக்கால் துடைத்துவிடுங்கள்.