டேலி கணக்கு பேக்கப்: வெள்ளத்துக்கும் ரேன்சம்வேருக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு

2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 பெருமழை, 2024 ஃபெஞ்சல். கடலூரில் கடை நடத்துபவர் யாருக்கும் தண்ணீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ரேன்சம்வேர் பற்றித்தான் சொல்ல வேண்டும்: 'பில்' என்று வரும் இணைப்பைத் திறந்தால் போதும், கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். வெள்ளத்துக்குத் தப்ப, டேலியில் (கடைக் கணக்கு எழுதும் மென்பொருள்) இருக்கும் கணக்கின் நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும். ரேன்சம்வேருக்குத் தப்ப நகல் கம்ப்யூட்டரோடு இணையாமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் முடிக்கலாம். ஜிஎஸ்டி சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். எளிதில் தொலையும், சொல்லாமல் கெடும்.

டேலி பிரைமில் ஆல்ட், ஒய் சேர்த்து அழுத்தி 'பேக்கப்' போங்கள். டிஸ்க்கில் அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதைப் பாதையாகக் கொடுத்து, கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றுங்கள். செருகியே இருக்கும் டிஸ்க்கையும், நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டரையும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டும். வாரம் ஒருமுறை டிஸ்க்கை மாற்றி, ஒன்று கடையிலும் ஒன்று வீட்டு மாடியிலும் இருக்கட்டும். கடலூருக்குள்ளேயே கடை திருப்பாதிரிப்புலியூரில், வீடு மஞ்சக்குப்பத்தில் என்றால்கூட ஒரே மழை இரண்டையும் பிடிக்கும், அதனால்தான் மாடி. மூன்றாவது நகலாக, பேக்கப் கோப்பை பிரவுசர் வழியாக கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். தானாக சிங்க் ஆகும் ஃபோல்டரை நான் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். பூட்டப்பட்ட கோப்பும் அதே வேகத்தில் மேலே போய்விடும். அந்த கூகுள் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு முறை உறுதி கேட்பது) கட்டாயம்.

அடுத்து ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து கணக்கைத் திரும்ப எடுப்பது. நான் வெகுநேரம் நின்ற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ரீஸ்டோர் திரையில் இரண்டு பாதை உண்டு: எங்கிருந்து எடுப்பது, எங்கே போடுவது. 'எங்கே போடுவது' என்பதில் நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரே இருந்தால், போன வாரப் பேக்கப் இன்றைய கணக்கின் மேல் எழுதிவிடும். முதலில் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, அந்தப் பாதையைக் கொடுங்கள். மேலே எழுதட்டுமா என்று திரை கேட்டால் அது தவறான ஃபோல்டர். உடனே வெளியே வாருங்கள்.

ரீஸ்டோர் ஆனதும் அந்தப் பாதையிலிருந்து கம்பெனியைத் திறந்து மூன்றை மட்டும் பாருங்கள்: கடைசி பில் எண், கைரொக்கம், வரவேண்டிய பாக்கி. பேக்கப் எடுத்த நாளோடு இவை ஒத்துப்போனால் சரி. அப்புறம் அந்த ஃபோல்டரை அழித்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கம்பெனி இருந்தால், பில் போடும் பையன் தெரியாமல் சோதனைக் கணக்கில் நாள் முழுக்கப் போட்டுவிடுவான்.

பின்சேர்க்கை: புதுச்சேரி வாசகர் ஒருவருக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் பேக்கப் திறக்கவில்லை. அங்கே இருந்தது பழைய டேலி. புதிய பதிப்பின் பேக்கப் பழையதில் திறக்காது. இரண்டு பக்கமும் ஒரே பதிப்பா என்று பாருங்கள்.

இன்னொருவர் டேலி வால்ட் (கம்பெனிக் கணக்கைப் பாஸ்வேர்டால் பூட்டும் வசதி) பற்றிக் கேட்டிருந்தார். போட்டிருந்தால் பேக்கப்பும் அதே பாஸ்வேர்டில்தான் திறக்கும். மறந்தால் மீட்டுத் தர யாராலும் முடியாது. ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இருக்கும் பையில் போடாமல், வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.